அரை நாள் பள்ளி, அரை நாள் தறி: இனியுமா?

காஞ்சிக்கு வருவோர் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பர். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைப் பார்ப்பர். வரதராசர் கோயில் மண்டபத்தைப் பார்ப்பர். காமாட்சியம்மன் சன்னதித் தெருவிலே பட்டுக் கடைகளைப் பார்ப்பர். அண்ணாந்து பார்ப்போர் ஆயிரவர். குனிந்து பார்ப்போர் எத்தனை பேர்? தறிக்குழி தரைக்குக் கீழே இருக்கிறது. அதைக் காணக் குனியத்தான் வேண்டும்!

சென்ற வாரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தோழர் வீட்டில் நாம் குனிந்து நின்றோம். வாயிற்படி தாண்டினால் ஒரே கூடம். அந்தக் கூடத்தில் பாதி தறிக்கு, மீதிதான் குடும்பத்துக்கு. தறி ஓடவில்லை. பாவில் பாதிப் புடவை நின்றிருந்தது. தோழர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"பையன் எட்டாவது முடிக்கிறான், தோழர். கோர்வைக்கு வந்த ஆளு ஒரகடம் கம்பெனி பஸ்சுல ஏறிப் போய்ட்டான். தறி நிக்குது. முதலாளிகிட்ட வாங்கின முன்பணமும் நிக்குது. பையனை வீட்டோட வெச்சுக்கிட்டு நானே தொழிலைச் சொல்லிக் குடுத்தா என்ன? பள்ளிக்கூடத்துல படிக்கிறதைவிட வீட்டுல நல்லாத்தானே கத்துப்பான்?"

நாம் உடனே பதில் கூறவில்லை. மேடையிலே இதற்குப் பதில் கூறுவது எளிது. 'படிக்க வையுங்கள்!' என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கைதட்டலைக் கொண்டு தறி ஓட்ட முடியாது. முன்பணத்தையும் அடைக்க முடியாது. கேட்டவர் பிள்ளையின் பகைவர் அல்லர். பத்து வயதிலே தாமே தறியில் உட்கார்த்தப்பட்டவர். தமக்குத் தெரிந்த ஒரே செல்வத்தை மகனுக்குத் தர நினைக்கிறார். ஆகவே அவருடைய கேள்வியை நேர்மையோடு எடுத்துக்கொண்டு நேர்மையோடு விடை காண்பதே முறை.

கணக்கில் வராத கை

முதலில் தறியைப் பார்ப்போம். காஞ்சிப் பட்டின் பெருமை எதில் இருக்கிறது? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஊடை ஊடையோடு கோத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தக் கோர்வையில் இருக்கிறது. அதை நெய்ய மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. மூன்று நாடாவை ஒருவர் கையாள முடியாது. ஆகவே நெசவாளிக்குப் பக்கத்தில் ஒரு துணை உட்கார வேண்டும். கரை நாடாவை அந்தத் துணை தள்ள வேண்டும். ஒரு கோர்வைப் புடவை முடிய, வேலைப்பாட்டைப் பொறுத்து, 10 நாள் ஆகும், 15 நாள் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் இரண்டு பேர்!

அந்த இரண்டாவது ஆள் யார்? தலைமுறை தலைமுறையாக அது ஒரு குழந்தை. தன் வீட்டுக் குழந்தை. இல்லையேல் முன்பணத்துக்காக அனுப்பப்பட்ட அடுத்த வீட்டுக் குழந்தை. 2003ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற உலக அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாகக் கிடந்த சிறாரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிலே நம் காஞ்சியின் பெயரும் இருந்தது. கோயிலால் உலகப் புகழ், பட்டால் உலகப் புகழ், பிள்ளைகளின் கொத்தடிமையாலும் உலகப் புகழ்!

கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது? புடவைக்கு இவ்வளவு என்று. எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று முதலாளி கேட்பதில்லை. வெளியாளைத் துணைக்கு வைத்தால் அந்தக் கூலியிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். சொந்தப் பிள்ளையை உட்கார்த்தினால் கொடுக்க வேண்டியதில்லை. பார்வைக்கு இது தகப்பனுக்கு ஆதாயம். தோழர்களே, உற்றுப் பாருங்கள்! ஊரிலே பாதிப் பேர் பிள்ளையை உட்கார்த்திக் கூலியில்லாமல் ஒரு கையைத் தந்துவிட்டால், ஒற்றை ஆள் கூலியிலேயே இரண்டு ஆள் வேலை நடக்கிறது என்பது வழக்கமாகிவிடும். மற்றவனும் அதே கூலிக்கு நெய்ய வேண்டியவனாகிறான். பிள்ளையின் கை வீட்டுக்கு உதவவில்லை. கூலியை அமுக்கிப் பிடிக்கவே உதவுகிறது. தகப்பன் மிச்சம் பிடித்ததாக எண்ணியது முதலாளியின் பெட்டிக்குப் போய்ச் சேருகிறது.

1953இல் ஒரு திட்டம்

'வீட்டிலேயே தொழில் கற்கட்டும்' என்ற பேச்சு புதிதல்ல. ஒரு காலத்தில் அது அரசாங்கத் திட்டமாகவே வந்தது. 1953ஆம் ஆண்டு சூன் திங்களில், அந்நாள் சென்னை இராச்சியத்தின் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார், தொடக்கக் கல்வியைத் திருத்துவதாகக் கூறி நாட்டுப்புறப் பள்ளிகளில் ஒரு முறையைப் புகுத்தினார். பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். ஒரே ஆசிரியர், ஒரே கட்டடம், இரண்டு முறை மாணவர். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பனோடு இருந்து தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும்.

அதற்குக் கூறப்பட்ட காரணங்களை நாம் மறைக்க வேண்டியதில்லை. பள்ளிகள் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, பணம் போதவில்லை; இருப்பதைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்றனர். உழைப்பின் பெருமையைப் பிள்ளை உணரும் என்றனர். கேட்க இனிமைதான். ஆனால் தகப்பன் தொழில் என்பது இந்த நாட்டில் என்ன? சாதி வகுத்த தொழில். வண்ணார் மகன் வெளுக்கவும், குயவர் மகன் மண் மிதிக்கவும், நெசவாளர் மகன் தறிக்குழியில் இறங்கவும் அரசாங்கமே நேரம் ஒதுக்கித் தந்தால், வழக்கறிஞர் மகன் அந்த அரை நாளில் என்ன கற்பான்? அவனுக்கு வீட்டிலே நூலகம். நம் பிள்ளைக்கு வீட்டிலே நூல்! பெயர் ஒன்றுதான். பொருள் வேறு.

காந்தியடிகள் 1937இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு என்பர் சிலர். உண்டு. ஆனால் அதிலே தொழில் பள்ளிக்குள் இருந்தது; எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்தது. அந்தணர் வீட்டுப் பிள்ளையும் நூற்கும். 1953 திட்டத்திலோ தொழில் வீட்டுக்குள் போயிற்று, பிறப்போடு போயிற்று. இந்த வேறுபாட்டைத்தான் தமிழ்நாடு 'குலக்கல்வி' என்ற ஒரே சொல்லில் பிடித்துக் காட்டியது. பெரியார் எதிர்த்தார், திராவிட முன்னேற்றக் கழகம் 1953 சூலையில் மும்முனைப் போராட்டம் நடத்தியபோது அந்த முனைகளில் ஒன்றாக இதை வைத்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

காஞ்சி அந்நாளில் நகராட்சி, திட்டம் நாட்டுப்புறத்துக்கு. ஆனால் தறி நகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறதா? சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தறி உண்டு. தறியின் பக்கத்தில் பிள்ளையும் உண்டு. அரசாணை போயிற்று. வறுமை அதே ஆணையை நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறது.

லங்காசயர் கற்ற பாடம்

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோயன்று. இங்கிலாந்தில் லங்காசயர் பருத்தி ஆலைகளிலே பிள்ளைகள் வேலை செய்தனர். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அங்கே ஒரு முறையை உண்டாக்கிற்று: அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி. அரை நேரத்தார் என்றே அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர். காலையில் ஆலையில் நின்ற பிள்ளை பிற்பகலில் பள்ளி மேசையில் தலை சாய்த்து உறங்கிற்று.

அதை ஒழிக்க எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரை, முக்கால் நூற்றாண்டு! முதலாளிகள் மட்டுமா தடுத்தனர்? இல்லை. தொழிலாளர் குடும்பங்கள் பலவும் விட மறுத்தன. 'சிறு விரல்தான் நூலுக்கு ஏற்றது', 'இளமையில் பழகாவிட்டால் தொழில் வராது', 'பிள்ளை கூலி இல்லாமல் அடுப்பு எரியாது' என்றே அங்கேயும் கூறினர். பிள்ளையார்பாளையத்தில் நாம் கேட்ட சொற்கள்தாம்! பிள்ளைகள் ஆலையை விட்டு வெளியேறியதால் அங்கே நூல் நூற்கத் தெரியாமல் போய்விடவில்லை. பெரியவர்கள் நூற்றார்கள்.

வீட்டுக் கல்வி யார் வீட்டுக்கு?

இந்நாளில் பெருநகரங்களில் வசதி படைத்தோர் சிலர் 'வீட்டுக் கல்வி' என்று பேசுகின்றனர். பள்ளி பிள்ளையின் மனத்தை நசுக்குகிறது; நாங்களே வீட்டில் கற்பிக்கிறோம் என்கின்றனர். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுத வைக்கின்றனர். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வீட்டில் என்ன இருக்கிறது? படித்த தாய், ஓய்வுள்ள தாய், அலமாரி நிறையப் புத்தகம், கணினி, தனி அறை. தவறினால் நாளையே ஒரு நல்ல பள்ளியில் சேர்த்துவிடும் பணமும் இருக்கிறது.

நெசவாளி வீட்டில் என்ன இருக்கிறது? விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை தகப்பன் தறியில். தாய் தார் சுற்றுகிறாள், பாவு பிணைக்கிறாள், இடையிலே உலை வைக்கிறாள். பாடம் சொல்ல யார்? அவர்களுக்கு வீட்டுக் கல்வி என்பது பள்ளிக்கு மாற்று. நமக்கு அது பள்ளிக்குப் பூட்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்றது. நன்று. ஆனால் எட்டாம் வகுப்போடு அந்தச் சட்டத்தின் கை நின்றுவிடுகிறது. சிறார் உழைப்புத் தடைச் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று ஒரு கையால் எழுதினார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், பிள்ளை உதவலாம் என்று மறு கையால் எழுதினார்கள். பள்ளி நேரம் போக என்றால் எப்போது? மாலையிலும் இரவிலும். வீட்டுக்குள்ளே எத்தனை மணி நேரம் பிள்ளை உதவிற்று என்று எந்த ஆய்வாளர் எண்ணப் போகிறார்? 1953இல் காலை பள்ளி, மாலை தறி என்றார்கள். 2016இலோ பகல் பள்ளி, இரவு தறி என்பதற்கு ஒரு சந்து திறந்து வைத்தார்கள்.

அந்தச் சட்டங்கள் கைவிடும் அதே ஓரத்தில்தான் நம் தோழரின் மகன் நிற்கிறான். எட்டு முடித்து ஒன்பதில் கால் வைக்கும் ஓரம். பெண் பிள்ளையானால் இன்னும் முன்பே இழுத்துவிடுகிறார்கள். 'வயசுக்கு வந்த பெண், வீட்டோடு இருந்து தார் சுற்றட்டும்' என்கிறார்கள்.

கலை அழிந்துவிடும் என்பார்க்கு

'எல்லாப் பிள்ளையும் பள்ளிக்குப் போய்விட்டால் காஞ்சிப் பட்டு என்னாவது?' என்று கேட்போர் உளர். பட்டு உடுத்துவோர் பெரும்பாலும் கேட்கிறார்கள்! நாமும் கவலைப்படுகிறோம். கோர்வைக்குத் துணை கிடைக்காமல், கோர்வை இல்லாத புடவைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கிறது. புவிசார் குறியீடு தந்தும் போலி நிற்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஒரு கலை குழந்தையின் முதுகெலும்பின் மீதுதான் நிற்க முடியும் என்றால், அந்தக் கலைக்குக் கூலி கொடுக்கப்படவில்லை என்பதுதானே பொருள்? ஒரகடம் கம்பெனிக்குப் போனவன் கலையை வெறுத்தா போனான்? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அதற்காகப் போனான். அங்கேயும் ஒப்பந்தக் கூலியாக அலைகிறான். 2014இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது எத்தனை இளைஞர் தெருவுக்கு வந்தனர் என்பது நமக்குத் தெரியும். ஆலை வாயிலை நாம் சொர்க்க வாயில் என்று கூறவில்லை. ஆனால் ஒரு கதவு மூடினால் வேறு கதவைத் தட்ட, பத்தோ பன்னிரண்டோ படித்த சான்று கையில் இருக்க வேண்டாமா? தறி நின்றுவிட்டால் எட்டாவதோடு நின்றவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

காஞ்சி கல்விக்குப் பெயர் போன ஊர் என்பர். ஆம். பழங்காலத்தில் இங்கே 'கடிகை' என்ற உயர்கல்விக் கூடம் இருந்தது. மயூரசர்மன் என்ற அந்தணர் தம் பாட்டனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. அந்தக் கடிகையில் தறிக்காரன் மகன் உட்கார்ந்தான் என்று கூறும் கல்வெட்டை நாம் கண்டதில்லை. காசு கேட்காத, சாதி கேட்காத பொதுப் பள்ளிதான் அவனுக்குக் கிடைத்த கடிகை.

1909 செப்டம்பர் 15ஆம் நாள் இதே காஞ்சியில் நெசவுக் குடியில் பிறந்த ஒரு பிள்ளை, குடும்ப நிலையால் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தது. மீண்டும் படிக்கச் சென்றது. பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. முடித்தது. 1967இல் இந்த நாட்டின் முதலமைச்சராயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் அண்ணா ஆகும் என்று நாம் கூறவில்லை. திரும்பிச் செல்ல ஒரு பள்ளி திறந்திருந்தது என்பதையே கூறுகிறோம்.

பள்ளியின் மீதும் குறை உண்டு

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஆசிரியர் போதாத இடம் உண்டு. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத இடம் உண்டு. எட்டு முடித்தும் தினத்தாளைத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளை உண்டு. 'அங்கே போய் என்ன கிழித்தான்?' என்று தகப்பன் கேட்டால், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கூரை ஒழுகினால் கூரையை மாற்றுவோமா, குடும்பத்தை மழையில் நிறுத்துவோமா?

இந்தப் பள்ளி தானாக வந்ததல்ல. 1920இல், தாமும் நெசவுக் குடியில் பிறந்த பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகல் உணவு தந்தது. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை நாடெங்கும் கொண்டு செல்லத் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவு வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022இலும், ஆண்களுக்கு 2024இலும் தொடங்கப்பட்டன. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைக்கும் வழக்கம் நிலைத்தது. கேட்டவர்கள் இருந்ததால் நிலைத்தது.

என்ன செய்வது?

நம் தோழரின் வீட்டுக்குத் திரும்புவோம். இவ்வளவையும் நாம் கூறி முடித்தபோது அவர் வாய் திறக்கவில்லை. உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் துணைவியார் ராட்டையை நிறுத்தினார்.

"அவன் படிக்கட்டும்ண்ணா. கோர்வைக்கு நான் உக்கார்றேன்" என்றார்.

நமக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வெட்கமே வந்தது. சமையல் அவருடையது, தார் அவருடையது, பாவு அவருடையது. இனிக் கரை நாடாவும் அவருடையதா? பிள்ளையின் தோளிலிருந்து இறக்கிய சுமையைத் தாயின் தோளில் ஏற்றிவிட்டு 'வென்றோம்' என்று நாம் வீடு திரும்புவதா? கணக்கில் வராத கை மீண்டும் கணக்கில் வராத கையாகவே இருக்கிறது.

ஆகவே தோழர்களே, அறிவுரையோடு நிற்க நமக்கு உரிமை இல்லை. தனி ஒரு தகப்பன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் நட்டம் அவனுக்கு மட்டும். ஒரு தெருவே அனுப்பினால் கூலியை உயர்த்தியே தீர வேண்டிய நிலை முதலாளிக்கு. இது வீட்டுக்குள் முடியும் முடிவல்ல. சங்கத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று: கோர்வைப் புடவைக்கு நெசவாளி கூலி வேறு, துணை கூலி வேறு என்று சீட்டில் தனித்தனியே எழுதப்பட வேண்டும், கூட்டுறவுச் சங்கங்கள் முதலில் செய்து வழிகாட்ட வேண்டும். மனைவி உட்கார்ந்தாலும் அந்தக் கூலி அவர் கையில் சேர வேண்டும். இரண்டு: முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பைக் கழிப்பது கொத்தடிமை, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைக் குற்றமாகவே நடத்த வேண்டும். மூன்று: கட்டாயக் கல்வி எட்டோடு நிற்காமல் பன்னிரண்டு வரை செல்ல வேண்டும். நான்கு: நெசவு கற்க விரும்புவோர் பள்ளிப் படிப்பு முடித்தபின் உதவித்தொகையோடு கற்க வழி வேண்டும், எந்தச் சாதிப் பிள்ளையும் கற்கலாம் என்ற கதவும் வேண்டும். சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறதே, அங்கே படித்துப் பட்டயம் பெறுகிறவனை யாரும் குலத்தொழிலாளி என்று கூறுவதில்லை. கற்று விரும்பிச் செய்தால் அது கலை. வேறு வழியில்லாமல் செய்தால் அது விலங்கு.

கேட்பதோடு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சூன் பிறக்கும் முன் ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவில் எட்டு முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். எந்த வீட்டில் தறிக்குத் துணை இல்லையோ அந்த வீட்டுப் பிள்ளையே முதலில் பள்ளியை விட்டு நிற்கும். அந்த வீட்டுக்கு முதலில் செல்லட்டும். முன்பணத் தொல்லை இருந்தால் சங்கத்தின் சார்பில் முதலாளியிடம் பேசட்டும். ஒன்பதாம் வகுப்பில் பெயர் பதியும் நாளில் தகப்பனோடு கூடச் செல்லட்டும்.

'வீட்டிலேயே கற்றால் போதாதா?' என்று நம் தோழர் கேட்டார். போதாது, தோழரே. உம் விரலில் இருக்கும் வித்தை பெரிது. அதை உம் மகன் இருபது வயதில் வந்து கேட்கட்டும், பெருமையோடு கொடுங்கள். பதின்மூன்று வயதில், முன்பணத்துக்காக, அவன் கேட்காமலே அவன் மீது ஏற்றாதீர். தறி ஒரு வாரம் காத்திருக்கும். அந்த ஒரு வாரத்துக்குள் துணை தேடித் தருவது எம் பொறுப்பு என்று கூறிவிட்டு வந்தோம்.

கூறியதைச் செய்ய வேண்டுமல்லவா? பிள்ளையார்பாளையத் தோழர்கள் இதைப் படித்தவுடன் கிளைக் கூட்டத்துக்கு வந்து சேருங்கள்.